மூன்று முறை மிதித்தால் நிற்கும்

ஞாயிறு காலை

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். மேலே "அன்புள்ள" என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் உனக்குத் தெரியும். ஏன் அடித்தேன் என்று தெரிய வேண்டுமானால் கடைசிவரை படி.

முதலில் சேதி. உன் அத்தானுக்குத் தோள்பட்டையில் காறை எலும்பு முறிந்துவிட்டது. முன்பல் ஒன்று பாதியாகிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு இருக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நான் ஊட்டிவிட்டால் மானம் போய்விடுமாம், இன்னொரு கையால் கரண்டியைப் பிடித்துச் சட்டை முழுக்கச் சிந்திக்கொள்கிறார். அந்தச் சட்டைகளையும் நான்தான் துவைக்கிறேன்.

எல்லாம் எருமையால். நீங்கள் இரண்டு பேரும் மூன்று வருஷமாகக் கொட்டகையில் பிரித்துப் பிரித்துப் பூட்டுகிற அந்தப் பழைய ஜீப்புக்கு நீ வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் என்று போன ஞாயிறு தெரிந்துகொண்டேன். மலைப் பாதையில் வண்டி ஓட்டும் அவருடைய கூட்டத்தார் பழைய கல்குவாரிச் சரிவில் கூடினார்கள். ஏறும்போது ஒரு குறையுமில்லை. எல்லாரும் கை தட்டினார்கள், இவருக்குத் தலைகால் புரியவில்லை. இறங்கும்போது கடைசி வளைவில் பிரேக் பெடல் பொத்தென்று தரை வரைக்கும் போயிருக்கிறது. கீழே தண்ணீர்க் கேனோடு நின்றுகொண்டிருந்தவள் நான். என் பக்கத்தில் இன்னும் ஏழெட்டுப் பேர். எங்கள் மேல் ஏற்றாமல் இருக்க அவர் வண்டியை மண்மேட்டில் கொண்டுபோய் மோதினார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் மோதினார். அந்த முகம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். பெரிய டயர் போட்டதும் பழைய டிரம் பிரேக் அந்த எடையைப் பிடிக்காது என்று முன் சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் மாற்றினீர்கள். அதற்காகக் கனமான பிக்கப் வண்டி ஒன்றிலிருந்து எடுத்து வந்த காலிபர் இரண்டையும் என் தையல் அறையில் தாள் விரித்து, இரண்டு கோட் சிவப்பு அடித்துக் கொடுத்தவள் நான். அன்றைக்கு அவை எனக்கு இரண்டு இரும்புக் கட்டி. சக்கரத்தோடு சுற்றுகிற தட்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற கை அதுதான் என்று இன்றைக்குத் தெரியும். பின் சக்கரம் பழைய டிரம்தான், அதைச் சுத்தம் செய்து பூட்டியவர் உன் அத்தான். முன் சக்கரம் முழுக்க முழுக்க நீ.

நீ வேலை முகாமுக்குக் கிளம்பிய நாளை மறந்திருக்க மாட்டாய். நீ லீவில் வரும்வரை எருமையை மலைக்கு எடுக்கக் கூடாது என்றாய். அவர், அது என் வண்டியும்தான் என்றார். பேச்சு தடித்துப் போயிற்று. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் வேலை செய்தாய். வாசலில் லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். நீ கையைக்கூடக் கழுவாமல் பையைத் தூக்கிக்கொண்டு, "மாட்டிட்டேன், காத்து மட்டும் எடுத்துக்கோங்க" என்றாய். லாரியில் கால் வைத்த பிறகு திரும்பி, "நான் இல்லாம இந்த வண்டி மலை ஏறாது, பாத்துக்கோங்க" என்றாய்.

அந்த வார்த்தையைத்தான் அவர் இப்போது படுக்கையில் கிடந்தபடி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிரேக் குழாய்க்குள் மாட்டியிருந்த காற்றை நாங்களும் எடுத்தோம். நான் பெடலை மிதித்தேன், அவர் ஒவ்வொரு சக்கரமாகக் குழாயும் பாட்டிலுமாக உட்கார்ந்து, எண்ணெயில் குமிழி வருவது நிற்கும்வரை எடுத்தார். இரண்டு டப்பா பிரேக் ஆயில் தீர்ந்தது. விபத்துக்குப் பிறகு தெருக்கோடி பிரேக் கடைக்காரர் வந்து பார்த்தார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, எதைக் கேட்டாலும் நாளைக்கு என்று சொல்லி அதுவே பெயராகிப் போனவர். என்ன அதிசயமோ, அன்றைக்கே வந்துவிட்டார். ஆயில் ஒரு சொட்டுக் குறையவில்லை, எங்கேயும் ஒழுகவில்லை, பிறகு ஏன் பெடல் இறங்கியது என்று தலையைச் சொறிந்தார்.

அந்த ஒரு மணி நேரத்தில் சாத்திய கதவுக்குள் நீ என்ன செய்தாய்? எதையாவது வேண்டுமென்றே அரைகுறையாக விட்டுவிட்டு, அத்தான் வண்டியை எடுத்துப் பார்த்து, நிற்காமல் போய், உன்னிடம் வந்து நிற்கட்டும் என்று நினைத்தாயா? விபத்துக்கு முந்தின வாரம் முகாம் ஆபீஸ் போனில் பேசியபோது, எருமையை எடுத்தாரா என்று இரண்டு தடவை கேட்டாய். அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதைப் போனில் கேட்டிருக்கலாம். உன்னைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிற இடத்தில் கேட்கிற கேள்வியா இது? அதனால்தான் எழுதுகிறேன். சரக்கு லாரியில் வரும் தபால் பையிலேயே பதில் வர வேண்டும். அடுத்த மாதம் உன் லீவு. நீ இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்கிறார் உன் அத்தான். மாடியில் உன் அறையை நான் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது.

அக்கா

*

புதன், மதியம்

தம்பிக்கு,

உன் பதில் வந்தது. அதைப் பதில் என்று சொல்ல வேண்டுமானால். "அக்கா, நான் எந்தத் திருகையும் தளர்த்தவில்லை. பிரித்துப் பார்க்கச் சொல். அத்தான் உடம்பைப் பார்த்துக்கொள்." மூன்றே வரி. நான் நான்கு பக்கம் எழுதியிருந்தேன்.

இதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். குற்றமில்லாதவன் இன்னும் கொஞ்சம் கோபப்பட்டிருப்பான் என்று ஒரு நேரம் தோன்றியது. குற்றமுள்ளவன்தான் பக்கம் பக்கமாக எழுதுவான் என்று இன்னொரு நேரம் தோன்றியது. நான் உன்னிடம் திருகைப் பற்றிக் கேட்கவே இல்லையே, நீயாக ஏன் திருகு என்கிறாய் என்றும் தோன்றியது. சின்ன வயதிலிருந்தே என்னைத் துப்பறியும் அக்கா என்று கேலி செய்வாய். செய்துகொள். என் புருஷன் மண்மேட்டில் மோதியதைப் பார்த்தவள் நான்.

உன்னை மட்டும் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதே. பிரேக் ஆயில் விற்றவனிடம் போய் டப்பாவைக் காட்டி இது அசல்தானா என்று கேட்டேன். அவன் எனக்கு முன்னாலேயே இன்னொரு டப்பாவை உடைத்து, இரண்டையும் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் காட்டினான். ஒரே நிறம்தான். உன் அத்தானையும் விடவில்லை. எருமையின் மீட்டரைப் பார்த்தேன். காற்று எடுத்த அன்று நான் அளவுப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வைத்த எண்ணைவிட அறுபது கிலோமீட்டர் கூடுதல். குவாரிக்குப் போகிற தூரம் அதில் பாதிகூட வராது. எனக்குத் தெரியாமல் எங்கேயோ ஓட்டியிருக்கிறார். கேட்டால் வலிக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்கிறார்.

என் தையல் கடையிலும் எனக்கு நிம்மதி இல்லை. புதிதாகச் சேர்ந்திருக்கிற வெட்டுக்காரர், ஐம்பது வயது மனுஷன், வேறு பெரிய கடையில் இருந்து வந்தவர், காவலாளிகள் சட்டை நாற்பதுக்கும் பையைத் தப்பான பக்கத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டார். எதிர்க் கடைக்காரன் அனுப்பிய ஆளோ என்று நான் ஒரு வாரம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால், "நீங்க சீட்டுல 'வ'ன்னு எழுதியிருக்கீங்க, வலது பக்கம் வெச்சேன்" என்கிறார். எதிரில் நிற்கிற ஆளைப் பார்த்து அளவெடுக்கிறவள் நான். என் வலது கைப் பக்கம் இருப்பது வலது, இடது கைப் பக்கம் இருப்பது இடது. போட்டுக்கொள்கிறவனின் இடது எனக்கு வலது. பதினெட்டு வருஷமாக இந்தக் கடையில் அதுதான் சட்டம், பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும் என்று சத்தம் போட்டேன். அவர் முகம் தொங்கிப்போய் நாற்பது பையையும் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

சரி, எருமைக்கு வருகிறேன். பிரேக் கடைக்கார நாளைக்கு அண்ணனைக் கையோடு இழுத்து வந்தேன். இந்தத் தடவை நான் பக்கத்திலேயே நின்றேன், அவர் தொட்ட ஒவ்வொன்றையும் என்ன ஏது என்று கேட்டேன். அவர், நீங்க போய் தைக்கிற வேலையைப் பாருங்கம்மா என்றார். நான் நகரவில்லை.

முதலில் பெடலை மிதிக்கச் சொன்னார். ஒரு தடவை மிதித்தால் பஞ்சு மூட்டை மாதிரி அமுங்குகிறது. இரண்டாவது தடவை பாதியில் நிற்கிறது. மூன்றாவது தடவை கெட்டியாகிவிடுகிறது. கொஞ்சம் விட்டுவிட்டு மிதித்தால் மறுபடியும் பஞ்சு. எங்கேயோ காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது என்றார். எண்ணெய் அமுங்காதாம், காற்று அமுங்குமாம். மிதிக்கிற பலமெல்லாம் காற்றை அமுக்குவதிலேயே போய்விடுகிறதாம். எங்கே மாட்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க அவர் செய்த விதம் எனக்குப் பிடித்திருந்தது, நான் சந்தேகப்படுகிற விதம் மாதிரியே இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். பெடலுக்கு முன்னால் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரின் வாயை அடைத்துவிட்டு என்னை மிதிக்கச் சொன்னார். கல்லு மாதிரி நின்றது. அப்படியென்றால் சிலிண்டர் நல்லவன். பின் சக்கரத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸைக் கிடுக்கியால் இறுக்கிவிட்டு மிதிக்கச் சொன்னார். பஞ்சு. அதைத் தளர்த்திவிட்டு முன் சக்கர ஹோஸ் இரண்டையும் இறுக்கினார். கல்லு.

அப்படியென்றால் குறை முன்னால்தான். இரண்டு பக்கமுமே.

உன் அத்தான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.  என்னைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.  குறை பின் சக்கரத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன். புருஷன் மேல் தப்பு இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்ட பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கலாமே என்றேன். நாளைக்கு என்றார். அடுத்த லாரி போவதற்குள் இதை அனுப்புகிறேன். முன் பக்கம் நீ என்ன செய்தாய் என்று இப்போதாவது எழுது. மூன்று வரி போதாது.

அக்கா

*

சனி, காலை

தம்பி,

உன் இரண்டாவது பதில் நேற்று வந்தது. அதை எதிரில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். "முன் பக்கம் என்றால் என் கைதான் மாட்டியது. தவறு என்னுடையது. அத்தானிடம் அப்படியே சொல்லிவிடு. கழற்றியதும் காலிபர் இரண்டையும் நாளைக்கு அண்ணனிடம் கொடுத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிடச் சொல். அதற்கு முன் அத்தான் அதைப் பார்க்க வேண்டாம். நீயும் பார்க்க வேண்டாம்."

கறுப்புப் பெயின்ட்! யார் காதில் பூ சுற்றுகிறாய்?

நேற்றே சக்கரம் இரண்டையும் கழற்ற வைத்தேன். நாளைக்கு அண்ணன் குனிந்து பார்த்தார், எழுந்தார், மறுபடியும் குனிந்தார். பிறகு சிரித்தார். காற்று வெளியேறுவதற்கென்று காலிபரில் நிப்பிள் என்று ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அது மேலே பார்த்து இருக்க வேண்டும். எருமையில் இரண்டு பக்கமும் அது கீழே பார்த்து இருக்கிறது. இடது பக்கத்துக் காலிபர் வலது பக்கத்திலும், வலது பக்கத்துக் காலிபர் இடது பக்கத்திலும் மாட்டியிருக்கிறது. "காத்து மேலதான் போய் நிக்கும். வாசலைக் கீழ வெச்சுட்டு வெளிய போன்னா அது எங்க போகும்? நீங்க ரெண்டு டப்பா இல்ல, இருபது டப்பா ஊத்தியிருந்தாலும் எண்ணெய்தான் வந்திருக்கும்" என்றார்.

வேலை பழகும் ஆள் செய்கிற தப்பு என்றார் அவர். இருபது வருஷமாகக் கனரக வண்டிகளைப் பிரித்துப் பூட்டுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினாலும் இது நடக்காது என்றார். அதைச் சொன்னபோது உன் அத்தான் பின்னால் நின்றிருந்தார். "கேட்டியா, கேட்டியா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகவே தெரிந்தேதான் செய்திருக்கிறாய். காற்று எடுத்தாலும் வராது என்று தெரிந்தே, காற்று மட்டும் எடுத்துக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். இப்போது தவறு என்னுடையது என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டு, அடையாளத்தை அழிக்கப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறாய். கீழே நான் நின்றிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தாயா? அப்பா போன பிறகு உன் பள்ளிக்கூடச் சட்டை ஒவ்வொன்றையும் என் கையால் தைத்துப் போட்டு உன்னை அனுப்பியவள். எனக்கு உன் மேல் கோபம்கூட வரவில்லை. அருவருப்பாக இருக்கிறது. லீவுக்கு வேறு எங்காவது போய்க்கொள். இந்த வீட்டுக்கு வராதே.

*

அதே சனி, சாயங்காலம்

இதற்கு மேல் இருப்பதைக் காலையில் எழுதினேன். கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். கிழிக்கவில்லை. உன்னைப் பற்றி நான் என்னவெல்லாம் எழுதினேன் என்று நீ படிக்க வேண்டும், பிறகு இதையும் படிக்க வேண்டும்.

நீ பார்க்க வேண்டாம் என்று சொன்னதாலேயே பார்த்தேன். என் குணம் தெரிந்தும் அப்படி எழுதினாயே, அது உன் அசட்டுத்தனம். சாப்பிட்டுவிட்டுக் காலிபர் இரண்டையும் தையல் அறைக்குக் கொண்டுவந்து, பழைய தாளை விரித்து, மண்ணெண்ணெயில் தோய்த்த பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். சேறும் கரியும் அட்டையாக ஒட்டியிருந்தது. வலது சக்கரத்தில் இருந்து கழற்றியதில் பின் பக்கம் முதலில் ஒரு சுழி தெரிந்தது. தேய்க்கத் தேய்க்க முழுசாக வந்தது. மஞ்சள் பெயின்டில் "வ" என்று எழுதியிருந்தது. மற்றதைத் தேய்த்தேன். "இ".

அந்த இ-யை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். கடைசிச் சுழியை இழுத்துக்கொண்டு போய் வால் மாதிரி விடுகிறவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். நாற்பது சட்டைச் சீட்டிலும் அதே வால் இருக்கிறது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் நீ காலிபரைச் சரியாகத்தான் மாட்டிப் பார்த்தாய். பொருந்துகிறது என்று கழற்றி ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்து, "எது எந்தப் பக்கம்னு எழுதி வெச்சுரு அக்கா, அப்புறம் குழம்பிடும்" என்றாய். நான் எருமைக்கு முன்னால் நின்றிருந்தேன். அது இரண்டு விளக்கையும் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் எதிரில் வந்து நிற்கிறவர்களுக்கு நான் எப்படி எழுதுவேனோ அப்படியே எழுதிவிட்டேன். என் இடது கைப் பக்கம் இருந்தது இ. என் வலது கைப் பக்கம் இருந்தது வ. வண்டிக்காரர்கள் எல்லாரும் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற பக்கத்தைத்தான் சொல்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

நீ கோபத்தில், ஹார்ன் சத்தத்தில், அக்கா எழுதியிருக்கிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டு மாட்டியிருக்கிறாய். நிப்பிள் கீழே இருப்பதை நீ பார்த்திருக்க வேண்டும், அது உன் பங்கு, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் என் எழுத்தை நம்பினாய். நான் உன்னை நம்பவில்லை.

போன கடிதத்தில் வெட்டுக்காரர் கதையை எழுதி அனுப்பினேனே, அதைப் படித்தபோதே உனக்குப் பொறி தட்டியிருக்கும். இ-யும் வ-வும் யார் எழுதியது, எந்தப் பக்கம் நின்று எழுதினாள் என்று அங்கே முகாமில் உட்கார்ந்துகொண்டே கண்டுபிடித்துவிட்டாய். உடனே தவறு என்னுடையது என்று எழுதி, அத்தான் கண்ணில் என் எழுத்து படாமல் இருக்கக் கறுப்பு அடிக்கச் சொல்லியிருக்கிறாய். என் கண்ணிலும் படக்கூடாது என்று நினைத்தாய். நான் அதையே குற்றத்துக்கு அத்தாட்சியாக வைத்துக்கொண்டேன். உன் அக்காவைப் போல ஒரு துப்பறியும் நிபுணரை நீ எங்கே தேடினாலும் கிடைக்காது.

கொஞ்ச நேரம் பெயின்ட் டப்பாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். நீ சொன்னபடியே கறுப்பு அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அவர் உன்னைத் திட்டிக்கொண்டிருப்பார், ஒரு வருஷத்தில் மறந்துவிடுவார், நான் நல்லவளாகவே இருப்பேன். பிறகு அந்த இரண்டு இரும்பையும் தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தேன். புதுசாகத் துவைத்த சட்டை கறையாகிவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எதிரில் நின்று என் இடது கையைத் தூக்கிக் காட்டினேன். 

அவர் சத்தம் போடுவார் என்று நின்றேன். அவரோ, "எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார். அவர் சொன்னது எழுத்தை இல்லை, பெடலை. மீட்டரில் கூடுதலாக இருந்த கிலோமீட்டர் அதுதான். இரண்டு நாள் என் கண்ணில் படாமல் ஓட்டிப் பார்த்திருக்கிறார். முதல் மிதியில் நிற்கவில்லை, மூன்று முறை மிதித்தால் நிற்கிறது, அது போதும் என்று குவாரிக்கு எடுத்துப் போயிருக்கிறார். பிரேக் சரியில்லை என்று ஒத்துக்கொண்டால், நீ வரும்வரை எடுக்கக் கூடாது என்று நீ சொன்னது சரியாகிவிடுமாம். உன்னிடம் தோற்கக் கூடாது என்று என்னை நோக்கி ஒரு டன்னுக்கு மேலான வண்டியை இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். மூன்றாவது மிதிக்கு நேரம் இல்லை என்றார். சொல்லிவிட்டு உடைந்த பல்லோடு அழுதார். நானும் அழுதேன். நாளைக்கு அண்ணன் வாசலில் வந்து நின்று, எங்களைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வரேன் என்று திரும்பிப் போகப் பார்த்தார். பிடித்து நிறுத்தினோம்.

காலிபர் இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டியாயிற்று, நிப்பிள் இப்போது மேலே பார்க்கிறது. நான் சீட்டில் ஏறிப் பெடலில் கால் வைத்தேன். நாளைக்கு அண்ணன் கீழே குனிந்துகொண்டு மிதி, பிடி, விடு என்று சொல்லச் சொல்லச் செய்தேன். திருகைத் திறந்ததும் முதலில் எண்ணெயே வரவில்லை, உஸ்ஸென்று காற்றுதான் வந்தது. எவ்வளவு நேரம் வந்தது தெரியுமா? பாட்டிலில் நுரை பொங்கிப் பொங்கி அடங்கியது. அதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டுதான் நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு மிதி மிதித்தேன். முதல் மிதியிலேயே நின்றது. நம்பாமல் கொஞ்சம் விட்டுவிட்டு மறுபடி மிதித்தேன். மறுபடியும் நின்றது.

வெட்டுக்காரரிடம் போய் என் மேல்தான் தப்பு என்று சொன்னேன். பதினெட்டு வருஷச் சட்டத்தை மாற்றியாயிற்று, இனி எங்கள் கடையில் இடது என்றால் போட்டுக்கொள்கிறவரின் இடது. மீதி இருந்த பைகளை அவரோடு உட்கார்ந்து நானும் பிரித்தேன்.

காலிபருக்குக் கறுப்பு அடிக்கவில்லை. என் எழுத்து அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் சின்னதாக அடித்துத் திருத்தியிருக்கிறேன், நீ வந்து பார்த்துச் சிரிக்கலாம். அத்தான் எலும்பு கூடிக்கொண்டு வருகிறது, நீ வருவதற்குள் கட்டைப் பிரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகும் அவர் எருமையை எடுக்கப் போவதில்லை. லாரியில் கால் வைத்துக்கொண்டு நீ சொன்னதை இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஆனால் சொல்கிற தொனி மாறிவிட்டது. இன்றைக்கு என்னிடம், "அவன் இல்லாம இந்த வண்டி மலை ஏறாது, எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன்.

என் தம்பி, என் கண்ணே, நீ போகிற பாதையெல்லாம் உனக்குச் சமதரையாக இருக்கட்டும். லீவுக்கு ஒரு நாள்கூடப் பிந்தாதே. உன் அறையைத் திறந்து கூட்டித் துடைத்து, போர்வையை வெயிலில் போட்டு எடுத்து விரித்திருக்கிறேன். நீ வருகிற நேரத்தில் நான் கடையில் இருந்தால் காத்திருக்க வேண்டாம். சாவி வாசலில் இடது பக்கத்துப் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும். வீட்டைப் பார்த்து நீ நிற்கும்போது, உன் இடது.

என்றும் உன்
அக்கா